ஆறாவது நிபந்தனை

பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொன்னால் துளசி காரில் ஏறமாட்டாள். ஆகவே தர்மேந்திரன், "தவ்ஃபூஃபா சாப்பிடப் போலாம்" என்றான். பாகு ஊற்றிய அந்தச் சோயா இனிப்புக்காகத் தைப்பிங்வரை நடந்து வரச் சொன்னாலும் வருகிறவள் அவள். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. ஈப்போவுக்கு அரை மணி நேரம். பாதி வழிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

"அப்பா, என் மைகிட் கார்டு ஏன் உங்க பாக்கெட்ல இருக்கு?"

தர்மேந்திரன் ஓடு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரண்டு டன் சரக்கை முட்டையை வைப்பதுபோல இறக்கி வைப்பான். ஒன்பது வயது மகளின் கேள்விக்கு ஒரு பதிலை இறக்கி வைக்க அவனுக்கு வரவில்லை.

"சும்மாலா. பிள்ளையோட அடையாள அட்டை கையில இருக்கணும். போலீஸ் நிறுத்துனா காட்ட."

"தவ்ஃபூஃபா சாப்பிட்டா போலீஸ் நிறுத்துமா?"

அவன் ரேடியோவைக் கூட்டினான். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது கன்னம், உள்ளே ஒரு ரம்புத்தானை ஒளித்து வைத்தவள்போலப் புடைத்திருந்தது. மூன்று நாளாக அப்படி. வகுப்பாசிரியை போன் செய்து சொன்ன பிறகுதான் தர்மேந்திரன் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தான்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. முதலாம் வகுப்பில் இருந்தபோது வேறொரு கிளினிக்கில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். "வெறும் பாக்கத்தான்" என்று சொல்லி நாற்காலியில் படுக்கவைத்தார்கள். பிறகு ஒருத்தி தலையைப் பிடித்தாள், ஒருத்தி கையைப் பிடித்தாள், காலைப் பிடித்தது தர்மேந்திரன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. அன்றோடு துளசி மூடிய வாயை எந்த டாக்டருக்கும் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவைக் கண்டால் கழிப்பறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

ஈப்போவில் புந்தோங் பக்கம், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது இந்தக் கிளினிக். படியில் பாதி ஏறியதும் மருந்து வாசனை வந்துவிட்டது. துளசி நின்றாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். தர்மேந்திரன் தன் செருப்பைப் பார்த்தான்.

உள்ளே புனிதா என்ற உதவியாளர் ஒரு பாரத்தை, சம்மதப் படிவத்தை, நீட்டினார். தர்மேந்திரன் அதைப் படிக்கவில்லை. பெயர், அட்டை எண், கையெழுத்து. மூன்று விநாடியில் முடித்துவிட்டுத் திரும்பினால், துளசி கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றாள், அதைச் சொல்ல எவ்வளவு குறைவாகத் திறக்க முடியுமோ அவ்வளவு மட்டும் திறந்து.

காத்திருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் சீனப் பெரியவர். மற்றவர் தலைமுக்காடிட்ட மலாய் அம்மாள், மடியில் ஒரு பை நிறைய வெண்டைக்காயோடு. அந்தச் சமயம் உள்ளறைக் கதவு திறந்து டாக்டர் கௌசிகா வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். வந்தவர் கதவுப் பக்கம் போகவில்லை. ஒரு குட்டை முக்காலியை இழுத்துப்போட்டுத் தூரத்திலேயே உட்கார்ந்தார்.

"துளசி, உள்ளுக்கு வரத் தேவையில்லை. இங்கேயே இருந்து கொஞ்சம் கதைப்பமா?"

"எனக்குக் கதையெல்லாம் வேணாம். நான் சின்னப் புள்ள இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். "கதைக்கிறது என்டால் பேசுறது. எங்கட சிலோன்காரர் வீடுகளில அப்பிடித்தான் சொல்லுவினம்."

துளசி கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "சரி. கதைங்க."

"அப்பா கையெழுத்துப் போட்டிட்டார். சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதாது. பல்லு இருக்கிறது உங்கட வாயில. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

துளசி திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு எந்தத் துளசியாவது நிற்கிறாளோ என்று. அங்கே கதவுதான் இருந்தது.

"வேணாம்னு சொன்னா?"

"இன்டைக்குச் செய்யமாட்டன். ஆனால் சொல்ல முதல் என்ன நடக்கும் என்டு தெரிஞ்சிருக்க வேணும். தெரியாமல் சொன்னால் அது பாதிப் பதில்."

"தெரியணும்னா நீங்க பாக்கணும்ல."

"ஓம். பாக்க வேணும்."

"பாக்கலாம். தொடக் கூடாது."

அடுத்து நடந்ததை தர்மேந்திரன் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. டாக்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். புனிதா ஒரு சின்ன டார்ச்சைத் துளசியிடம் கொடுத்தார். துளசி தன் வாய்க்குள் தானே வெளிச்சம் அடித்துப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கொக்குபோலக் கழுத்தை நீட்டிக் குனிந்து, இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வாய் அது. சீனப் பெரியவரும் எழுந்து எட்டிப் பார்த்தார். மலாய் அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

பிறகு டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பல்வரிசையை வைத்து விளக்கினார். அது பால்பல். வேரில் சீழ் கட்டியிருக்கிறது. மருந்து குடித்தால் வீக்கம் வடியும், ஆனால் பல்லை எடுக்காவிட்டால் திரும்ப வரும். அதற்கு அடியில் புதுப் பல் ஒன்று இடத்துக்காகக் காத்திருக்கிறது. ஊசி போடும்போது எறும்பு கடித்ததைவிடக் கூடுதலாக, குளவி கொட்டியதைவிடக் குறைவாக வலிக்கும். எடுக்கும்போது வலிக்காது, ஆனால் தள்ளுகிறமாதிரி இருக்கும்.

"இன்னொன்டு. வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறினாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, விழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, அப்ப கேட்டுக்கொண்டு இருக்கேலாது. உடன ஆஸ்பத்திரிதான். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

துளசி அந்தப் பிளாஸ்டிக் பல்வரிசையை ஒருமுறை திறந்து மூடினாள். "இன்னைக்கு வேணாம்."

"சரி. சனிக்கிழமை?"

"யோசிச்சுச் சொல்றேன்."

தர்மேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். நாலு பேர் புடிச்சுக்கிட்டா ரெண்டு நிமிஷம்தான்லா."

"பிடிச்சுக்கொண்டு செய்ததாலதான் இன்டைக்கு இந்தப் பிள்ளை கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்றார் டாக்டர், கோபமே இல்லாமல். மருந்தை எழுதிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் துளசி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "தவ்ஃபூஃபா" என்றாள். அப்பா கொடுத்த வாக்கு அது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள், வலது பக்கத்தாலேயே. "கைய பின்னால கட்டிக்கிட்டாங்கப்பா," என்றாள் நடுவில். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் புதிய ஆட்சி. தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால், "என்னைக் கேட்டீங்களா?" பாகற்காயை வைத்தால், "இது என் வாயி." வியாழக்கிழமை மாலை குளிப்பதற்கும் சம்மதம் இல்லை என்று அறிவித்தாள். தர்மேந்திரன் வேலையிலிருந்து வந்த களைப்போடு குளியலறை வாசலில் துண்டைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கெல்லாமா பாரம் போட முடியும்?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சரளா சூப்பர் மார்க்கெட்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைப்பையை வைத்தாள். "சரிம்மா, குளிக்க வேணாம். ஆனா தெரியாம சொன்னா பாதிப் பதில்னு டாக்டர் சொன்னாங்கல்ல. நாளைக்கு ஸ்கூல்ல உன் பக்கத்துல யாரு உக்காருவான்னு யோசிச்சியா?"

துளசி தன் அக்குளை முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளே ஆரம்பித்தாள். "அப்பா, பல்லு எடுத்தா வலிக்குமா?"

"வலிக்காதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தர்மேந்திரன் சோற்றைப் பிசைந்தான். சரளா குழம்பை ஊற்றியபடி சொன்னாள். "நல்லாக் கேளு. உங்கப்பா நாலு வருஷமா ஒரு பக்கமாத்தான் மெல்றாரு. மத்த பக்கம் ஒரு உடைஞ்ச பல்லு உக்காந்திருக்கு. டாக்டர்ன்னா ஆளு மாயமாயிடுவாரு."

துளசி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் தாடையையே பார்த்தாள்.  தர்மேந்திரன் முகத்தைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டான்.

வீக்கம் வடிந்தது. சனிக்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமலே துளசி காரில் போய் உட்கார்ந்திருந்தாள், மடியில் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த தாளோடு. கிளினிக்கில் நேராக டாக்டரிடம் போய் அதை நீட்டினாள்.

"என் நிபந்தனை," என்றாள்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் வாசிப்பதுபோல வாசித்தார். முதலாவது, பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது, எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் காட்ட வேண்டும். மூன்றாவது, நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். நான்காவது, யாரும் காலைப் பிடிக்கக் கூடாது. ஐந்தாவது, பல் எனக்குத்தான். ஆறாவதை வாசித்ததும் டாக்டர் கண்ணாடிக்கு மேலாக தர்மேந்திரனைப் பார்த்தார்.

"ஆறாவது, அப்பா முதலில்."

"என்னது?" என்றான் தர்மேந்திரன்.

"முதல்ல மூன்டாவதைக் கதைப்பம்," என்றார் டாக்டர். "கை தூக்கினால் நிப்பாட்டுவன். ஆனால் பல்லு பாதி வெளியில வந்த நேரம் நிப்பாட்டினால் உங்களுக்குத்தான் கஷ்டம். அந்த ஒரு இடத்தில மட்டும் நான் மூன்டு எண்ணி முடிக்கிறன். சம்மதமா?"

"சத்தமா எண்ணணும்."

"சத்தமா எண்ணுவன்."

துளசி பேனா வாங்கி மூன்றாவதைத் திருத்தினாள். பிறகு இருவரும் சேர்ந்து தர்மேந்திரன் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா ஒரு துண்டுதான். அது பாட்டுக்கு இருக்கு."

"உங்களுக்கும் அதேதான் சட்டம்," என்றார் டாக்டர். "நீங்கள் வேண்டாம் என்டால் வேண்டாம். ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

மலாய் அம்மாள் இன்றும் வந்திருந்தார். விஷயம் என்னவென்று புனிதாவிடம் மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சத்தமாக அபிப்பிராயம் சொன்னார். தகப்பன் பயந்தால் பிள்ளை எப்படிப் போகும் என்றார். ஆண்பிள்ளைக்குக் கால அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். இருவரும் தர்மேந்திரனைக் கேட்காமலே அவனைப் பற்றி விவாதித்தார்கள். தன் தாடை, தன் பல், தன் பயம், எல்லாம் ஊர்ச் சொத்தாகி அறை நடுவில் கிடப்பதுபோல அவனுக்குத் தோன்றியது. அது நன்றாக இல்லை. துளசி மட்டும் எதுவும் பேசாமல், தூக்கிய புருவத்தோடு காத்திருந்தாள். அவள் ஒருத்திதான் அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"பாரத்தக் குடுங்க," என்றான்.

இந்தப் பாரத்தை அவன் மூன்று விநாடியில் முடிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தான். 'அரிதாக ஏற்படக்கூடிய விளைவுகள்' என்ற இடத்தில் நின்று, எவ்வளவு அரிது என்று கேட்டான். கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கையெழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

நாற்காலியில் படுத்தான். அது பின்னால் சாயத் தொடங்கியதும் கையைத் தூக்கினான். டாக்டர் நிறுத்தினார்.

"ஒண்ணு," என்றாள் துளசி, மூலையிலிருந்த ஸ்டூலிலிருந்து.

விளக்கைப் போட்டதும் தூக்கினான். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்ததும் தூக்கினான். அது வெறும் கண்ணாடி என்று துளசி ஆறுதல் சொன்னாள். ஊசியைக் காட்டியபோது இரண்டு கையையும் தூக்கினான், அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று துளசிக்கும் புனிதாவுக்கும் வாக்குவாதம் வந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். 'ம்' என்று அவன் சொன்ன பிறகுதான் தொடர்ந்தார். தூக்கினால் நிறுத்துகிறார் என்று தெரிந்ததும் கை தூக்குவது குறைந்தது. எட்டாவதற்குப் பிறகு வெகுநேரம் அவன் தூக்கவேயில்லை.

ஊசி குளவியைவிடக் குறைவாகத்தான் இருந்தது. உதடு மரத்து, தலையணைபோல வீங்கியதாகத் தோன்றியது. உடைந்த பல் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தது. டாக்டர் பஞ்சை வைத்தார். அந்த நேரத்தில் புனிதா கருவித் தட்டை நகர்த்த, வழியிலிருந்த அவன் பாதத்தை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கினார். அவ்வளவுதான். அவன் உடம்பு முழுவதும் துள்ளியது.

தன் காலை ஒரு கை தொட்டதும், தன் கைக்குள் இருந்த வேறு இரண்டு கால்கள் அவனுக்கு நினைவு வந்தன. வெள்ளைக் காலுறை. உள்ளங்கைக்குள் மீன்போலத் துடித்த கணுக்கால்கள். ஒரு பள்ளி ஷூ கழன்று தரையில் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு குனிந்து அந்த ஷூவை மாட்டிவிட்டு, ஒரு பலூன் வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டது என்று நினைத்திருந்தான். இவ்வளவு நேரம் அவன் எட்டு முறை கையைத் தூக்கியிருந்தான். எட்டு முறையும் நிறுத்தினார்கள். அவளுக்குத் தூக்கக் கையே இருக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தான். துளசியைப் பார்த்துச் சொன்னான். "வன்னிச்சிழுவா."

"என்னப்பா?"

"வன்னிச்சிழு. அழ்ழைக்கிக் காழப் புழிச்சேன்."

"ஒண்ணும் புரியலப்பா. பஞ்ச எடுத்துட்டுச் சொல்லுங்க."

"பஞ்சை எடுக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

ஆகவே மூன்றாம் முறை, அறை அதிரும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அன்றைக்குக் காலைப் பிடித்தது தப்பு. பொய் சொல்லிக் கூட்டி வந்ததும் தப்பு. என்னை மன்னித்துவிடு. இந்தமுறை துளசிக்குப் புரிந்தது. வெளியறைக்கும் கேட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் மலாய் அம்மாள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று புனிதா பிறகு சொன்னார்.

துளசி தாளை மடித்தாள், விரித்தாள். "இனிமே புடிப்பீங்களா?"

தலையை ஆட்டினான், இல்லையென்று.

"அப்ப நாலாவது நிபந்தனைக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க."

போட்டான். இந்தமுறை நேராக விழுந்தது. உடனே துளசியும் டாக்டரிடமிருந்து தன் பாரத்தை வாங்கினாள். தகப்பன் பெயருக்குக் கீழே பேனாவால் தானே ஒரு கோடு கிழித்து, அதன்மேல் வாழ்க்கையில் முதல் கையெழுத்தைப் போட்டாள். வாரம் முழுக்கப் பழகியிருப்பாள்போல. அந்த 'ளு' பாரத்தின் மறு ஓரம்வரை ஓடி, சுழித்து, ஒரு பூவில் போய் முடிந்தது.

"துளசிக்கு 'ளு' எதுக்கு?" என்றார் புனிதா.

"அது கையெழுத்து. படிக்கிறதுக்கு இல்ல," என்றாள் துளசி.

அவள் முறை சீக்கிரம் முடிந்தது. ஊசிக்கு முன்னால் ஒருமுறை கையைத் தூக்கினாள். டாக்டர் நிறுத்தினார். துளசி கையை இறக்கினாள். "சும்மா. வேலை செய்யுதான்னு பாத்தேன்," என்றாள். ஊசியின்போது தர்மேந்திரன் தன் கையை நீட்டினான், அவள் வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அவள் அதில் ஒரு விரலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் டாக்டர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். இரண்டிலேயே பல் வந்துவிட்டது. மூன்றையும் எண்ணி முடிக்கும்வரை துளசி வாயை மூடவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

சின்னப் பிளாஸ்டிக் உறையில் பல்லோடு, இரண்டு பேரும் வாய் நிறையப் பஞ்சோடு, படியிறங்கிக் காருக்கு வந்தார்கள். சரளாவுக்குச் சொல்ல வேண்டும். தர்மேந்திரனின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்ததால் கீழே மளிகைக் கடைக்காரரிடம் போனைச் சைகையால் கேட்டு வாங்கி அழைத்தான்.

"ழரழா. முழிஞ்சிழ்ழு. ரெழ்ழு பேருக்குவ்."

 "யாரு பேசுறது? எந்த பேங்க்னு சொல்லப் போற? இந்த ஸ்கேம் வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்," என்று சொல்லிச் சரளா வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்தான். இந்தமுறை துளசி போனைப் பிடுங்கினாள். "அழ்ழா, நாங்ழான்."

"சின்னப் புள்ளயக் கூட விட்டு வைக்கலயா நீங்க. இருங்க, போலீஸுக்குப் போன் பண்றேன்." மறுபடி வைத்துவிட்டாள்.

துளசிதான் முதலில் சிரித்தாள். மரத்த உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று, மறுபக்கம் அசையவில்லை. அதைப் பார்த்து தர்மேந்திரன் சிரித்தான், அவன் உதடு எதிர்ப்பக்கம் கோணியது. அதைப் பார்த்து அவள் மேலும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல், எச்சில் வழிய, இரண்டு பேரும் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் தன் போனை எட்டி வாங்கிக்கொண்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மாடியை நோக்கிச் சத்தம் போட்டுக் கேட்டார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்த புனிதா, ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் பல் எடுத்திருக்கிறது என்றார்.